தேசி இலை போட்ட பாலைப்பழக் களி

மகன்,

போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். முழுவதும் வாசிக்க மனமில்லை என்றால் இந்த ஒரு வரியை மட்டும் வாசி: நீ கட்டப்போகிற நிரோசாவைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது பொய். வங்காலையில் ஒருவரும் அந்தப் பிள்ளையின் நடத்தையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "ஆர் சொன்னது, பேரைச் சொல்லுங்கோ" என்று குசினி வாசலில் நின்று மூன்று தரம் கேட்டாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேர் ஒன்று இருந்திருந்தால் அல்லவா சொல்லியிருப்பேன். அன்று மத்தியானச் சோறும் சாப்பிடாமல் வவுனியா பஸ் ஏறிப் போனாய். நீ என்னோடு கதைக்காமல் இருப்பது எனக்கு வேண்டியதுதான். அதற்காக இதை எழுதவில்லை. போன கிழமை மன்னார்க் கடைத்தெருவில் நிரோசாவின் அம்மாவைக் கண்டேன். நீ அவளோடும் முந்திய மாதிரிக் கதைப்பதில்லையாம். எங்கே போனாள், ஆரோடு போனாள், ஏன் பிந்தினாள் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாயாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாங்கப் போன சாமானையும் வாங்காமல் திரும்பி வந்தேன். நீ என்னைக் கோபித்தாய், ஆனால் நான் சொன்னதை நம்பியும்விட்டாய். அந்த நோய் எங்கள் வீட்டில் எப்படித் தொடங்கியது என்று உனக்குச் சொல்லாமல் விட்டால், நீ அதை உன் வீட்டுக்கும் கொண்டு போய்விடுவாய்.

நான் சந்தேகக்காரி என்று உன் அப்பா கலியாணம் முடித்த புதிதிலேயே சொல்லுவார். அப்போது அது குசினியோடு நின்றது. மாம்பழம் வாங்கினால் காம்படியில் மணந்து பார்ப்பேன். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தால் மருந்து வைத்துப் பழுக்கப்போட்டது என்று திருப்பி வைத்துவிடுவேன். விளாம்பழத்தை முழங்கால் உயரத்திலிருந்து சீமெந்து நிலத்தில் போட்டுப் பார்ப்பேன். துள்ளினால் காய், போட்ட இடத்திலேயே கிடந்தால் பழம். பனங்களியைக் காய்ச்சிக் காறல் போக்காமல் ஒரு நாளும் பணியாரத்துக்கு மாக் குழைத்ததில்லை. இவை நல்ல பழக்கங்கள். நீயும் பழகிக்கொள். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், குசினி அவளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதே. ஆனால் உன் அக்கா றோசி செத்த பிறகு என் சந்தேகம் குசினியை விட்டு வெளியே வந்துவிட்டது. பழத்தைப் பார்த்த கண்ணால் ஆட்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் கூட்டாளி றியாஸின் உம்மா பெருநாளுக்கு வாழைப்பழப் பணியாரம் சுட்டுக் கொடுத்துவிட்டா. கதலிப்பழம் பிசைந்து, கோதுமை மாவும் ஏலக்காயும் போட்டுச் சுட்டது. கோப்பையைத் திறந்ததும் வீடு முழுக்க மணத்தது. நீ கையை நீட்டினாய். நான் தட்டிவிட்டேன். "பொறு, நான் ஒண்டு திண்டு பாக்கிறன்" என்று ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டபிறகுதான் கோப்பையை உன் பக்கம் தள்ளினேன். "ஆறிப் போச்சு, எனக்கு வேண்டாம்" என்று எழும்பிப் போய்விட்டாய். அடுத்த பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் உள்ளுக்குள், பார்த்தாயா, ஒரு வருசத்துப் பாசம்தான் என்று நினைத்தேன். பல வருசத்துக்குப் பிறகு நீயே வாய்தவறிச் சொன்னாய், ஒவ்வொரு பெருநாளும் அந்த உம்மா தந்துவிட்டதாகவும், நீ அதைத் தெருவிலேயே சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்ததாகவும். என் சந்தேகம் அந்த உம்மாவை ஒன்றும் செய்யவில்லை. உனக்குத்தான் ஒளிக்கப் பழக்கியது.

இனி நிரோசா வந்த நாளுக்கு வருகிறேன். கலியாணப் பேச்சு முற்றான பிறகு, நீ வவுனியாவில் நின்ற ஒரு சனிக்கிழமை, அவள் தாயோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வங்காலைச் சம்பந்தம் என்று நீ முதலில் சொன்னபோதே என் நெஞ்சுக்குள் ஒன்று இடித்தது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு ஆள் இருந்தா. ஊர் பெரிது, எத்தனையோ வீடுகள் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை கதிரையில் இருக்க முன்னமே கையில் இருந்த கேரியரைத் திறந்தாள்.

"மாமிக்கெண்டு செய்து கொண்டு வந்தனான். பாலைப்பழக் களி. அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மறிச்சுக்கட்டியில இருந்து பழம் கொண்டு வந்து தந்தவர்."

நீ பாலைப்பழத்தைக் கண்டதே குறைவு. காட்டு மரத்துப் பழம், வேப்பம்பழம் அளவில் மஞ்சளாக இருக்கும். பச்சையாகத் தின்றால் சொண்டு இரண்டும் பிசின் பிடித்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு பால். பிழிந்து காய்ச்சினால்தான் அதன் குணம் தெரியும். நான் கரண்டியால் ஒரு வாய் எடுத்து வைத்தேன். முதலில் இனிப்பு வந்தது, பிறகு தேங்காய்ப்பால். விழுங்கிய பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில், நாக்கின் அடியில் எலுமிச்சை மாதிரி ஒரு மணம் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இதுக்குள்ள என்ன இலை பிள்ளை போட்டனீ?"

"தேசி இலை, மாமி. பக்கத்து வீட்டு அன்ரிதான் ஒரு இலை போடச் சொன்னவ. பிழையோ?"

"பிழையில்லை. ஆரந்த அன்ரி?"

"தையல் தைக்கிறவ. தனியத்தான் இருக்கிறா. பிலோமினா அன்ரி."

"நல்லாயிருக்கு பிள்ளை," என்று சொன்னேன். சிரித்தும் இருப்பேன். அவர்கள் போன பிறகு மிச்சக் களி முழுவதையும் வேலிக்கு வெளியே கொட்டினேன். தெருவில் நின்ற கழுதை ஒன்று வந்து நக்கியது. கேரியரைத் தேய்த்துக் கழுவி, வெறுமையாகக் கொடுக்கக்கூடாது என்று சீனி போட்டு, அடுத்த நாளே பஸ்ஸில் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

பாலைப்பழக் களிக்கு இந்த உலகத்தில் ஒருவரும் தேசி இலை போடுவதில்லை, மகன். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் போட்டோம். நானும் என் அக்காவும். எனக்குப் பன்னிரண்டு, அவளுக்குப் பதினாறு. அம்மா கோயிலுக்குப் போன நேரம் சட்டியைக் கிண்டச் சொல்லிவிட்டுப் போனா. குசினி யன்னலோடு நின்ற தேசி மரத்திலிருந்து ஒரு இலை சட்டிக்குள் விழுந்துவிட்டது. எடுக்கப் பார்த்தோம், கரண்டிக்கு அகப்படவில்லை. அடி விழும் என்று பயந்துகொண்டு இருந்தோம். அம்மா சாப்பிட்டுவிட்டு, "இண்டைக்கு என்னடி, நல்லாயிருக்கு" என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு இலையை ஒருத்தி போடுவாள், மற்றவள் காவல் நிற்பாள். சாகும் வரைக்கும் அம்மாவுக்கு அது தெரியாது.

பிலோமினா உன் பெரியம்மா. எனக்குக் கூடப்பிறந்தவள் இருக்கிறாள் என்பதே உனக்குத் தெரியாது. தெரியாமல் வளர்த்தது நான்தான்.

உன் அக்கா றோசி காய்ச்சலில் செத்தாள் என்றுதான் உனக்குச் சொன்னோம். ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் அவளுக்கென்று ஒரு மெழுகுதிரி கொளுத்துவாய். அப்போது அவளுக்கு மூன்று வயது. சண்டையில் இடம்பெயர்ந்து, மன்னார்த் தீவை விட்டு, காட்டுப்பக்கத்தில் ஒரு கோயில் வளவில் தறப்பாள் கூடாரம் கட்டிக்கொண்டு இருந்தோம். உன் அப்பா, நான், றோசி, அக்கா. அக்கா கலியாணம் முடிக்கவில்லை. எங்களோடுதான் இருந்தாள். றோசிக்கு என்னைவிட அவள்தான் தாய் மாதிரி. அந்த வளவில் இருந்த சனத்துக்கெல்லாம் ஒரே கிணறு. கோடை பிடித்து, தண்ணீர் அடிக்குப் போய்ச் சேறாகக் கலங்கியிருந்தது. கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கன்னியாஸ்திரிமார் ஒவ்வொரு தறப்பாளாக வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பிள்ளைக்கு இனிப்பென்று ஒன்றைக் காட்டி மாதக்கணக்காகிவிட்டது. அக்கா காட்டுக்குள் போய்ச் சீலைத் தலைப்பு நிறையப் பாலைப்பழம் பொறுக்கி வந்தாள். பாதித் தேங்காய் ஒன்றும் எங்கேயோ கேட்டு வாங்கினாள். தேசி இலையும் தேடிக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எங்களுக்கு மூன்று கல் வைத்த அடுப்பு ஒன்றுதான். காலை முழுக்க அதில் களி கொதித்தது. றோசி ஒரு பேணி நிறையச் சாப்பிட்டாள். நாங்களும் சாப்பிட்டோம். பின்னேரம் பிள்ளைக்கு வயிற்றோட்டம் பிடித்தது, சத்தியும் சேர்ந்தது, கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனமும் இல்லை, பாதையும் இல்லை. மறுநாள் மத்தியானத்துக்கு முன்னம் பிள்ளை போய்விட்டாள்.

நான் அழவில்லை. அக்காவைப் பார்த்துக் கத்தினேன். அந்த வளவில் இருந்த சனம் எல்லாம் கூடி நிற்க, "காட்டில கிடந்த நஞ்சைப் பொறுக்கிக்கொண்டு வந்து என்ர பிள்ளைக்குத் தந்தவள் இவள்" என்றேன். "தனக்கொரு பிள்ளை இல்லாத எரிச்சல்" என்றும் சொன்னேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் சொன்னதைச் சொன்னபடிதான் எழுத வேண்டும். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நானும் அதையேதானே சாப்பிட்டனான்?"

நான் இன்னும் கூடக் கத்தினேன். உன் அப்பா என்னை நம்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த மனுசனுக்கு ஆரையாவது பிடித்துக் குற்றம் சொல்ல வேண்டியிருந்தது, நான் ஆளைக் காட்டிக் கொடுத்தேன். பிள்ளையை அடக்கம் செய்த மூன்றாம் நாள் அக்கா ஒரு சீலைப் பையைத் தூக்கிக்கொண்டு வேறு சனத்தோடு வேறு பக்கம் போனாள். போகும்போது என்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எல்லாரும் ஊர் திரும்பி, நீ பிறந்து வளர்ந்து, சண்டையும் முடிந்து, இத்தனை காலத்திலும் நான் அவளை ஒரு நாளும் தேடவில்லை. வங்காலைப் பக்கம் இருக்கிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டேன். உன் அப்பா மன்னாரில் அவளை இரண்டு மூன்று தரம் கண்டிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாக வீட்டில் வந்து சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

இதுவரைக்கும் எழுதியது அந்த வளவில் இருந்த எல்லாருக்கும் தெரிந்த கதை. இனி எழுதுவது அப்படி இல்லை. அன்று காலை றோசி தண்ணீர் கேட்டு அழுதாள். கொதித்தாறிய தண்ணீர் முடிந்துவிட்டிருந்தது. அடுப்பில் களி இருந்தது. அக்காவிடம் சட்டியை இறக்கச் சொல்லியிருக்கலாம், கால் மணித்தியாலம் போதும். வெயில், நெரிசல், பிள்ளை விடாமல் அழுகிறாள். எனக்கு ஆத்திரம். குடத்தில் இருந்த பச்சைத் தண்ணீரைப் பேணியில் வார்த்து என் கையால் பருக்கினேன். அவள் முழுவதையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள், இன்னும் கொடுத்தேன். அந்தக் கிழமை அதே வளவில் வேறு பிள்ளைகளும் இப்படிச் சுகவீனப்பட்டார்கள், அவர்கள் ஒருவரும் பாலைப்பழக் களி சாப்பிடவில்லை. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தபடியால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

நிரோசாவின் களியைக் கொட்டிய பிறகு நான் நிம்மதியாக இருந்ததில்லை. அக்காதான் இந்தச் சம்பந்தத்தை மூட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். என்னிடம் பழி தீர்க்க என் மகனை எடுக்கிறாள், பிள்ளையை அனுப்பி என் வீட்டை வேவு பார்க்கிறாள் என்று நினைத்தேன். நிரோசா போன் எடுத்து "மாமி, சாப்பிட்டியளோ?" என்று கேட்டால், இதை ஆர் கேட்கச் சொன்னது என்று யோசிப்பேன். கோயிலில் கலியாண ஓலை வாசிக்க நாள் குறிக்க வேண்டும் என்று நீ சொன்னபோது, பங்குச் சுவாமி ஊரில் இல்லை என்றேன். அவர் ஊரில்தான் இருந்தார். அடுத்த தரம் கேட்டபோது உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். மூன்றாம் தரம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு சொல்லைச் சொன்னேன். முப்பது வருசத்துக்கு முன்னம் செய்ததையே இரண்டாம் தரமும் செய்தேன். என் பயத்துக்கு வேறொருத்தியைப் பலி கொடுத்தேன்.

கடைத்தெருவில் நிரோசாவின் அம்மா உன்னைப் பற்றிச் சொன்ன அடுத்த நாள் காலை வங்காலைக்குப் பஸ் ஏறினேன். அப்போதும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. எல்லாம் உன்னால்தான் என்று அக்காவோடு சண்டை பிடிக்கத்தான் போனேன். தாம்போதி வீதியால் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, என்ன என்ன சொல்ல வேண்டும் என்று ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வாசலில் தையல் மெசின், அதற்குப் பின்னால் அவள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க முதல் அவள் எழும்பிவிட்டாள்.

"நீ வருவாய் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "பிள்ளை சொன்னவள், நீ களியைச் சாப்பிட்டுப்போட்டு நல்லாயிருக்கெண்டு சொன்னியாம். கேரியருக்குள்ள சீனியும் போட்டு அனுப்பினியாம்."

கழற்றிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

"அவள் தன்ர போனில மாப்பிள்ளை வீட்டுப் படம் காட்டினவள். அதில நீ நிண்டனி. நான் அவளுக்கு ஒண்டும் சொல்லயில்லை. மாமிக்கு என்ன கொண்டு போறதெண்டு கேட்டவள், பாலைப்பழக் களி செய்து, ஒரு தேசி இலை போடு எண்டு சொன்னனான். நீ அதைத் திருப்பி அனுப்புவியோ, சாப்பிடுவியோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். சாப்பிட்டது எண்டு அவள் வந்து சொன்ன நேரம் தொடக்கம் எனக்கு இந்த வீட்டில இருக்கேலாமல் போச்சு. யன்னலையே பாத்துக்கொண்டிருக்கிறன்."

என் சந்தேகம் சரிதான், பார். களியை அனுப்பியது அவள்தான். ஏன் அனுப்பினாள் என்பதை மட்டும்தான் நான் முழுக்கப் பிழையாக நினைத்திருந்தேன். அடுக்கி வைத்த சொல் ஒன்றும் எனக்கு வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் அவள் அந்தப் பொய்யோடு சந்தோசமாக இருந்திருப்பாள், எனக்கும் லேசாகப் போயிருக்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய்யை என்னால் சுமக்க முடியவில்லை.

"நான் சாப்பிடயில்லை அக்கா. ஒரு வாய் வைச்சனான். மிச்சத்தைக் கொட்டிப்போட்டன்."

அவள் கதிரையில் இருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கொடுத்ததைச் சொன்னேன். அது தெரிந்துகொண்டே அவளைப் பிடித்துக் குற்றம் சொன்னதைச் சொன்னேன். நிரோசாவைப் பற்றி உன்னிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் மெசினில் கிடந்த துணியின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"தண்ணி குடுத்தது எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "அடுப்படியில இருந்து பாத்தனான்."

"பாத்தனியே? பிறகேன் அண்டைக்குச் சொல்லயில்லை?"

"சொல்ல விட்டனியோ? சனம் முழுக்க நிண்டது. நீ கத்தின கத்தில ஆர் என்னைக் கேட்டது? பிறகு யோசிச்சன், சொன்னால் உன்ர மனுசன் உன்னைவிட்டுப் போயிடுவான் எண்டு. அதுக்குப் பிறகு கோபத்தில சொல்லயில்லை. நீயா வந்து சொல்லும் வரைக்கும் பாப்பம் எண்டு. இவ்வளவு காலம் எடுக்கும் எண்டு நான் நினைக்கயில்லை."

எழும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள்.

"குடி. கொதிக்க வைச்சதுதான்."

நான் குடித்தேன். மகன், என்னை ஆரும் அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

அவள் என்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. நான் அழுதபோது அவள் அழவில்லை. தொடக்கூட இல்லை. நான் வெளிக்கிடும்போது இரண்டு விசயம் சொன்னாள். "பிள்ளையளின்ர கலியாணத்தைக் குழப்பாதை. அவன்ர காதில போட்ட விசத்தை நீயே எடு" என்றாள். நிரோசாவுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது, என் மகனாகிய நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். அது முதலாவது. மற்றதை வாசல் வரைக்கும் வந்து சொன்னாள்.

"எனக்குச் சொன்னது பெரிய காரியமில்லை. எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னனி. தெரியாத ஆளுக்குப் போய்ச் சொல்லு. நான் மன்னாரில துணி வாங்கப் போனால், என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போற மனுசனுக்குச் சொல்லு. கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட அவர் வரவேணும். நீ வந்து கூப்பிட்டால் வரமாட்டன்."

திரும்பி வரும்போது பஸ்ஸிலும் என் புத்தி போகவில்லை. உண்மையாகவே அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாளா, இல்லை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்கிறாளா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பார், எல்லாம் முடிந்த பிறகும் எனக்குள் அதுதான் ஓடுகிறது. இது என்னை விட்டு முழுக்கப் போகும் என்று நான் உனக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். நாளைக்கு நிரோசா எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் தந்தாலும் உள்ளே ஒரு குரல், ஏன் தருகிறாள் என்று கேட்கத்தான் செய்யும். அந்தக் குரல் உனக்குள்ளும் இப்போது இருக்கிறது. அது கேட்கும்போது, அவளைப் போய் விசாரிக்காதே. நீ எதற்குப் பயப்படுகிறாய், எதை மறைக்கிறாய் என்று உன்னையே முதலில் கேள். எனக்கு அதைக் கேட்கத் துணிவு வர முப்பது வருசம் போய்விட்டது, அதற்குள் ஒருத்தியின் வாழ்க்கையும் போய்விட்டது.

நிரோசாவிடம் போய் மன்னிப்புக் கேள். போனில் வேண்டாம், லீவு போட்டுவிட்டு வந்து நேரில் கேள். உன்னைச் சந்தேகப்பட வைத்தது நான்தான் என்று சொல். என் பேரைக் காப்பாற்றப் பார்க்காதே. சுவாமியிடம் நேற்றுப் போய்வந்தேன், நீங்கள் இரண்டு பேரும் வந்து சொன்னால் அடுத்த ஞாயிறே முதலாம் ஓலை வாசிக்கலாம் என்றார். அவள் உன்னை மன்னிக்காவிட்டால் அதற்கும் காரணம் நான். அதை என் மேல் போடு, அவள் மேல் போடாதே.

களி செய்யும் முறையையும் எழுதிவிடுகிறேன். இதுவரைக்கும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பாலைப்பழத்தைச் சுளகில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார். வெடித்ததும் எறும்பு துளைத்ததும் வேண்டாம். இரண்டு தண்ணீரில் கழுவி, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிசை, இல்லாவிட்டால் பிசின் கையை விடாது. வெள்ளைத் துணியில் வடித்து, கொட்டையையும் சக்கையையும் எறிந்துவிடு. வடித்ததை மெல்லிய நெருப்பில் வை, விட்டுவிட்டு எங்கேயும் போகாதே, அடிப்பிடிக்கும். பாதியாக வற்றியதும் தேங்காயின் முதற்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் விடு. வறுத்த சிவப்பரிசி மாவைக் கொஞ்சம் பாலில் கரைத்து, கட்டி படாமல் ஊற்றிக் கிண்டு. கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழும் பதத்தில் ஒரு தேசி இலையைப் போட்டு, மூடி, இறக்கு. இரண்டு இலை போட்டால் கசக்கும். அடுப்பில் இது இருக்கும்போது ஆருக்காவது வேறு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டால் சட்டியை இறக்கி வை. களி பிறகும் கொதிக்கும்.

உன் அப்பா இப்போது வளவில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார். நான் காலையிலிருந்து எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். "மகனுக்கோ?" என்று ஒரு தரம் கேட்டார், ஓம் என்றேன், அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் நின்று என் வாயால் சொல்ல இரண்டு நாளாக எத்தனித்தேன். கிட்டப் போனதும் சோறு போடவோ என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். அதனால் தபாலில் போடச் சொல்லி இதை அவரிடம்தான் கொடுக்கப் போகிறேன். உறையில் உன் விலாசம் எழுதிவிட்டேன், ஒட்டவில்லை. "வாசிச்சுப்போட்டு நீங்களே ஒட்டுங்கோ" என்று சொல்லிக் கொடுப்பேன். அக்காவைக் கண்டு இத்தனை வருசம் முகத்தைத் திருப்பிய மனுசன், இதை வாசித்த பிறகு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவர் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு, தன் கையால் ஒட்டிப் போட்டிருக்கிறார் என்று அறிந்துகொள்.

அம்மா